பிள்ளைப்பேறும் பெண்ணின் இதயமும்

கருவுற்ற ஐந்தாறு வாரங்களிலேயே பெண்ணின் ரத்த ஓட்டம் மாறத் தொடங்கிவிடுகிறது. வயிறு வெளியே தெரிவதற்கு வெகு முன்பே ரத்தக் குழாய்கள் தளர்ந்து விரிகின்றன. விரிந்த குழாய்களை நிரப்பச் சிறுநீரகங்கள் உப்பையும் நீரையும் தேக்கிக்கொள்கின்றன. உடலில் ஓடும் ரத்தத்தின் அளவு படிப்படியாக ஏறி, எட்டாம் மாதவாக்கில் முன்பிருந்ததைவிட ஏறக்குறைய 45 விழுக்காடு கூடிவிடுகிறது. சாதாரண நாளில் நிமிடத்துக்கு 5 லிட்டர் அளவில் ரத்தத்தை வெளியேற்றிக்கொண்டிருந்த இதயம் இப்போது 7 லிட்டர் வரை வெளியேற்ற வேண்டியிருக்கிறது. நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 10 முதல் 20 வரை உயர்கிறது. இவ்வளவு வேலை கூடியும் ரத்த அழுத்தம் ஏறுவதில்லை. குழாய்கள் தளர்ந்திருப்பதால் ஐந்தாம் மாதத்தை ஒட்டி அது சற்று இறங்கவே செய்கிறது. ரத்தத்தின் நீர்ப்பகுதி சிவப்பணுக்களைவிட வேகமாகப் பெருகுவதால் ஹீமோகுளோபினும் குறைந்து தெரியும்.

பிரசவ வலியின்போது பாரம் உச்சத்தைத் தொடுகிறது. கருப்பை ஒவ்வொரு முறை இறுகும்போதும் 300 முதல் 500 மில்லிலிட்டர் ரத்தம் அதிலிருந்து பிழியப்பட்டுப் பொது ரத்த ஓட்டத்துக்குள் வருகிறது. குழந்தை பிறந்த உடனேயே கருப்பை சுருங்கி, தன்னிடம் இருந்த ரத்தத்தை மொத்தமாகத் திருப்பித் தருகிறது. வயிற்றின் கனத்தால் அழுந்திக் கிடந்த பெருஞ்சிரை விடுபட்டு, காலிலிருந்தும் ரத்தம் மேலே பாய்கிறது. இதயக் கோளாறு உள்ள பெண்களுக்குப் பிரசவம் முடிந்த முதல் மணி நேரங்கள் ஆபத்தானவையாக இருப்பது இதனால்தான். நலமான இதயமோ ஒன்பது மாதமாகத் தசையைத் தடிப்பாக்கி இதற்குத் தயாராகியிருக்கும்; பிரசவத்துக்குப் பின் சில மாதங்களில் பெரும்பாலும் பழைய அளவுக்குத் திரும்பிவிடும்.

ரத்தத்தின் வேதியியலும் இதே காலத்தில் மாறுகிறது. நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் உடலில் இன்சுலினின் வேலையை மந்தப்படுத்துகின்றன. தாய் எடுத்துக்கொள்ளாமல் விடும் சர்க்கரை குழந்தைக்குப் போய்ச் சேர்கிறது. கொழுப்புகள் ஏறுகின்றன, கடைசி மூன்று மாதங்களில் டிரைகிளிசரைடு முன்பிருந்ததைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் போகலாம். பிரசவத்தில் ரத்தம் வீணாகாமல் காக்க, ரத்தம் உறையும் தன்மையும் கூடுகிறது. இன்சுலினுக்கு மசியாத உடல், ஏறிய கொழுப்பு, எளிதில் உறையும் ரத்தம், பெருத்த இதயத் தசை ஆகிய நான்கும் ஐம்பது வயதுக்காரர் ஒருவரிடம் ஒன்றாகத் தெரிந்தால் எந்த இதய மருத்துவரும் கவலைப்படுவார். கர்ப்பத்தில் இவை இயல்பானவை, தற்காலிகமானவை. ஆனால் ஒவ்வொரு பிள்ளைப்பேறிலும் திரும்பத் திரும்ப வந்துபோகும் இம்மாற்றங்கள் தடமில்லாமல் மறைகின்றனவா, அல்லது பிள்ளைகளின் எண்ணிக்கை கூடக் கூட இதயத்தில் ஏதேனும் சேர்ந்துகொண்டே போகிறதா என்பதுதான் அரை நூற்றாண்டாக ஆராயப்பட்டு வரும் கேள்வி.

இதற்கு முதலில் கிடைத்த தெளிவான விடைகளுள் ஒன்று 1993இல் வந்தது. அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் இதய ஆய்வில் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கண்காணிக்கப்பட்ட பெண்களையும், அந்நாட்டின் தேசிய உடல்நல ஆய்வில் இடம்பெற்ற பெண்களையும் சேர்த்துப் பார்த்தபோது, ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட முறை கருவுற்றவர்களுக்கு இதய, ரத்தக் குழாய் நோய் வரும் வாய்ப்பு, ஒருமுறையும் கருவுறாதவர்களைப் போல் ஒன்றரை மடங்கு இருந்தது. பின்னர் ஸ்வீடனின் தேசியப் பதிவேடுகளிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களின் விவரம் அலசப்பட்டது. அங்கே கோடு நேராக ஏறவில்லை. இரண்டு பிள்ளை பெற்றவர்களிடம் ஆபத்து மிகக் குறைவாக இருந்தது. பிள்ளையே இல்லாதவர்களிடமும் ஒரே பிள்ளை பெற்றவர்களிடமும் அதைவிடச் சற்று அதிகம். மூன்றுக்கு மேல் போகப் போக ஏற்றம், ஐந்துக்கு மேல் தெளிவான ஏற்றம். 2018இல் பிரிட்டிஷ் இதயவியல் சங்கக் கூட்டத்தில் வெளியிடப்பட்ட மற்றோர் ஆய்வு, அமெரிக்காவில் 45 முதல் 64 வயது வரையிலான எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட வெள்ளையின, கறுப்பினப் பெண்களை முப்பது ஆண்டுகள் பின்தொடர்ந்தது. ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட பிள்ளை பெற்றவர்களுக்கு, ஒன்றிரண்டு பெற்றவர்களைவிட, கடுமையான மாரடைப்பு வரும் வாய்ப்பு 40 விழுக்காடு அளவுக்குக் கூடுதலாக இருந்தது.

செய்தித்தாள்களில் இவ்வகை முடிவுகள் ‘பிள்ளை அதிகம் பெற்றால் மாரடைப்பு’ என்று ஒரே வரியில் வந்துவிடுகின்றன. அந்த வரி அவசரப்பட்டது. நிறையப் பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கும் சிறு குடும்பத்துக்கும் இடையே கர்ப்பங்களின் எண்ணிக்கை மட்டும் வேறுபடுவதில்லை. வருமானம், படிப்பு, திருமண வயது, வீட்டின் இட நெருக்கடி, தாய்க்குக் கிடைக்கும் உறக்கம், அவள் தட்டில் விழும் உணவு, தன் உடம்புக்கென்று அவள் ஒதுக்கக்கூடிய நேரம் எல்லாமே வேறுபடுகின்றன. ஆபத்து எதிலிருந்து வருகிறது, கர்ப்பத்திலிருந்தா, வளர்ப்பிலிருந்தா என்று பிரித்துப் பார்க்க ஒரு வழி வேண்டும்.

அந்த வழியைப் பிரிட்டனில் டெபி லாலரும் அவருடைய குழுவினரும் 2003இல் கண்டனர். அவர்கள் செய்தது எளியது: தந்தையரையும் கணக்கில் சேர்த்தனர். ஆணும் பிள்ளைகளை வளர்க்கிறான். ஆனால் கருவைச் சுமப்பதில்லை. கர்ப்பம்தான் காரணம் என்றால் பிள்ளைகளின் எண்ணிக்கைக்கும் இதய நோய்க்கும் உள்ள தொடர்பு தாய்மாரிடம் மட்டுமே தெரிய வேண்டும். 60 முதல் 79 வயது வரையிலான நாலாயிரத்துச் சொச்சம் பெண்களும் ஏறக்குறைய அதே எண்ணிக்கையில் ஆண்களும் ஆராயப்பட்டனர். இருபாலரிடமும் அதே வளைகோடு தெரிந்தது. இருவரிடமும் இரண்டு பிள்ளைகளில் ஆபத்து மிகக் குறைவு. இரண்டுக்கு மேல் பிறந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் இதயத்தமனி நோயின் வாய்ப்பு பெண்களிடம் 30 விழுக்காடும் ஆண்களிடம் 12 விழுக்காடும் ஏறியது. உடல் பருமன், கொழுப்பு, சர்க்கரை ஆகியவற்றின் பங்கைக் கழித்துப் பார்த்தபோது ஏற்றம் இருபாலரிடமும் குறைந்தது; பெண்களிடம் மட்டும் கொஞ்சம் மிஞ்சி நின்றது. ஐந்து லட்சம் பேரைக் கொண்ட சீனாவின் கதூரி ஆய்விலும் தாய், தந்தை இருவரிடமும் ஒத்த போக்கே தெரிந்தது. ஆக, பெரிய குடும்பத்தோடு சேர்ந்து வரும் ஆபத்தில் கணிசமான பகுதி குடும்பம் நடத்தும் வாழ்க்கையிலிருந்து வருகிறது. கர்ப்பத்துக்கென்று தனியே ஒரு பங்கு உண்டு. அது முதலில் எண்ணியதைவிடச் சிறியது.

மரபணு வழியாக வந்த ஆய்வுகளும் ஏறத்தாழ இதே இடத்தில் நிற்கின்றன. 2023இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியினர் வெளியிட்ட பகுப்பாய்வில், இளம் வயதிலேயே முதல் குழந்தை பெறுவதோடும் அதிகப் பிள்ளைகள் பெறுவதோடும் தொடர்புடைய மரபணு வேறுபாடுகள் இதய நோயோடும் தொடர்பு கொண்டிருந்தன. அத்தொடர்பில் ஒரு பகுதி உடல் எடை, ரத்த அழுத்தம் போன்ற மாற்றக்கூடிய காரணிகள் வழியாகவே சென்றது.

எண்ணிக்கை மட்டுமே ஒரு தாயின் இதயத்தைக் கெடுத்துவிடாது என்பதற்கு உலகில் கிடைக்கும் மிகத் துலக்கமான சான்று தென்னமெரிக்காவில் இருக்கிறது. பொலிவியாவின் அமேசான் காட்டுப் பகுதியில், ஆற்றங்கரைகளில் சிறு ஊர்களாக வாழும் சிமானே மக்களிடையே ஒரு பெண் சராசரியாக ஒன்பது பிள்ளைகள் பெறுகிறாள். ஹில்லர்ட் கேப்லன், மைக்கேல் கர்வன் ஆகியோரின் குழு, 40 வயதைத் தாண்டிய 705 சிமானே ஆண் பெண்களுக்கு சி.டி. ஸ்கேன் எடுத்து, இதயத் தமனிகளில் சுண்ணாம்பு படிந்திருக்கிறதா என்று பார்த்தது. முடிவு 2017இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. 85 விழுக்காட்டினரின் தமனிகளில் படிவே இல்லை. எண்பது வயதுச் சிமானே ஒருவரின் ரத்தக் குழாய்கள் ஐம்பதுகளில் இருக்கும் அமெரிக்கரின் குழாய்களை ஒத்திருந்தன. அதுவரை ஆராயப்பட்ட எந்த மக்களிடமும் இவ்வளவு சுத்தமான இதயத் தமனிகள் காணப்படவில்லை. அம்மக்கள் நோயற்றவர்களும் அல்லர். குடற்புழுக்களும் தொற்றுகளும் அவர்களிடையே மலிந்தவை. ஆனால் பெண்கள் நாளில் நான்கு முதல் ஆறு மணி நேரம் உடலுழைப்பில் கழிக்கிறார்கள். வாழைக்காய், மரவள்ளி, நெல், சோளம், ஆற்று மீன், வேட்டை இறைச்சி என்று உண்கிறார்கள். கெட்ட கொழுப்பு 90 மில்லிகிராம் அளவிலேயே நிற்கிறது. பருமனும் உயர் ரத்த அழுத்தமும் புகைப்பழக்கமும் அரிது. ஒன்பது பிள்ளைகளில் ஏறிய எடையும் கொழுப்பும் ஒவ்வொரு முறையும் உழைப்பில் கரைந்துவிடும் வாழ்க்கை அது. பிள்ளை பெற்றபின் எடை இறங்காமலேயே அடுத்த கர்ப்பத்துக்குப் போகும் நகரத்துப் பெண்ணின் நிலைமை இதற்கு நேர்மாறானது.

வளைகோட்டின் மறுமுனையில், பிள்ளையில்லாத பெண்களிடம் ஆபத்து சற்றுக் கூடுதலாகத் தெரிவதற்கு வேறு விளக்கம் உண்டு. குழந்தையின்மைக்கு இட்டுச்செல்லும் சில நிலைகள், குறிப்பாகச் சினைப்பை நீர்க்கட்டி நோய், இன்சுலின் மந்தத்தோடும் பருமனோடும் சேர்ந்தே வருகின்றன. சிறு வயதிலேயே நீண்டகால நோயால் உடல் நலிந்த பெண்கள் கருவுறாமல் போவதும் உண்டு. குழந்தை இல்லாததால் இதயம் கெடுகிறது என்று இதற்குப் பொருளில்லை. குழந்தையில்லாத பெண்கள் கேட்க நேரும் பேச்சுகளோடு இந்தக் கணக்கையும் சேர்த்துவிடுவது அநியாயம்.

பிள்ளைகள் எத்தனை என்பதைவிட, ஒவ்வொரு கர்ப்பமும் எப்படிக் கழிந்தது என்பது இதயத்தைப் பற்றி அதிகம் சொல்கிறது. கர்ப்பத்தில் நேரும் சிக்கல்களுள் முதன்மையானது பிரீ-எக்லாம்ப்சியா: கர்ப்பத்தின் இருபதாம் வாரத்துக்குப் பின் ரத்த அழுத்தம் ஏறி, சிறுநீரில் புரதம் இறங்கி, முற்றினால் வலிப்பு வரை போகும் நிலை. நூறு கர்ப்பங்களில் சிலவற்றில் இது வரும். பிரசவத்தோடு அழுத்தம் இறங்கிவிடுவதால் ‘பிரஷர் சரியாகிவிட்டது’ என்று வீட்டில் எல்லோரும் நிம்மதியடைவார்கள். கதை அங்கே முடிவதில்லை. 2007இல் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், இந்நிலை வந்த பெண்களுக்குப் பிற்காலத்தில் நிரந்தர உயர் ரத்த அழுத்தம் வரும் வாய்ப்பு நான்கு மடங்கை நெருங்கியது. இதயத்தமனி நோய்க்கான வாய்ப்பு இரண்டு மடங்கு. பக்கவாதத்துக்கும் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

இது நேர்வதன் வழிமுறை ஓரளவு துலங்கியிருக்கிறது. கர்ப்பத்தின் தொடக்கத்தில் தாயின் கருப்பைத் தமனிகள் அகன்று, நஞ்சுக்கொடிக்குத் தாராளமாக ரத்தம் விட வேண்டும். அவை போதிய அளவு அகலாதபோது மூச்சுத் திணறும் நஞ்சுக்கொடி, எஸ்.எஃப்.எல்.டி-1 என்ற புரதத்தை அளவுக்கு மீறி ரத்தத்தில் கலக்கிறது. ரத்தக் குழாய்களின் உட்சுவரை நலமாக வைத்திருக்கும் வளர்ச்சிக் காரணிகளை இந்தப் புரதம் பிடித்து வைத்துக்கொள்கிறது. உட்சுவர் பழுதாகி, குழாய்கள் இறுகி, அழுத்தம் ஏறுகிறது. 2003இல் இதைக் கண்டறிந்த பாஸ்டன் குழுவை வழிநடத்திய அனந்த் கருமாஞ்சி சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். பிரசவத்துக்குப் பின் அப்புரதம் வடிந்துவிடுகிறது. பழுதான உட்சுவர் முழுமையாகச் சீராவதில்லை என்பது ஒரு விளக்கம். இயல்பிலேயே பலவீனமான ரத்தக் குழாய்கள் உடையவர்களிடம்தான் இந்நிலை வருகிறது, கர்ப்பம் அதை முன்கூட்டியே வெளிக்காட்டுகிறது என்பது இன்னொன்று. இரண்டும் ஒரே பெண்ணிடம் உண்மையாக இருப்பதற்குத் தடையில்லை.

குறைமாதப் பிரசவமும் எடை குறைந்த குழந்தையும்கூட இப்படிப்பட்ட அறிகுறிகளே. ஸ்காட்லாந்தில் ஏறக்குறைய 1,30,000 முதல் பிரசவங்களைப் பின்தொடர்ந்து 2001இல் வெளிவந்த ஆய்வில், பிரீ-எக்லாம்ப்சியா, குறைமாதம், குழந்தையின் எடைக் குறைவு ஆகிய ஒவ்வொன்றும் தாயின் பிற்கால இதயத்தமனி நோய் வாய்ப்பை ஏறக்குறைய இரட்டிப்பாக்கியது. மூன்றும் சேர்ந்து வந்த தாய்மாருக்கு அது ஏழு மடங்காக இருந்தது. எடை குறைந்து பிறந்த குழந்தையைக் கவனிப்பதில் மருத்துவமனையும் குடும்பமும் முனைப்பாக இருக்கும் அந்த வாரங்களில், அதே பிரசவம் தாயைப் பற்றியும் ஒரு செய்தி சொல்லியிருக்கிறது.

தமிழ்நாட்டைப் பொறுத்தவரை கர்ப்பகால சர்க்கரை நோய் இன்னும் பெரிய விஷயம். சென்னையின் சர்க்கரை நோய் மருத்துவர் வி. சேஷய்யாவும் அவருடைய குழுவினரும் தமிழ்நாட்டில் நடத்திய ஆய்வில், நகரங்களில் கருவுற்ற பெண்களில் 17.8 விழுக்காட்டினருக்கும், சிறு நகரப் பகுதிகளில் 13.8 விழுக்காட்டினருக்கும், கிராமங்களில் 9.9 விழுக்காட்டினருக்கும் இது காணப்பட்டது. வெறும் வயிற்றில் வரச்சொன்னால் தொலைவிலிருந்து வரும் கர்ப்பிணிகள் திரும்ப வருவதில்லை என்பதால், சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸ் குடிக்கவைத்து இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை 140 மில்லிகிராமைத் தொடுகிறதா என்று பார்க்கும் ஒற்றைச் சோதனை இங்கே பரவியது. எளிய பெண்களின் நடைமுறைச் சிரமத்தை உணர்ந்து வகுக்கப்பட்ட சோதனை அது. சேஷய்யாவின் பிறந்தநாளான மார்ச் 10 இந்தியாவில் கர்ப்பகால சர்க்கரை நோய் விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. கர்ப்பத்தில் சர்க்கரை வந்த பெண்ணுக்குப் பிற்காலத்தில் நிலையான சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு, வராதவர்களைப் போல் ஏழு முதல் பத்து மடங்கு. இதய, ரத்தக் குழாய் நோய்க்கான வாய்ப்பு இரண்டு மடங்கு.

தாய்ப்பால் கொடுப்பது இந்தக் கணக்கின் மறுபக்கத்தில் நிற்கிறது. கர்ப்பத்தில் சேர்த்த கொழுப்பைச் செலவழிக்க உடலுக்கு இருக்கும் இயல்பான வழி பால் சுரப்பது. அதற்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி செலவாகிறது. சீனாவில் கிட்டத்தட்ட 2,90,000 பெண்களை ஆராய்ந்ததில், தாய்ப்பால் கொடுத்தவர்களுக்கு இதய நோய் வாய்ப்பு 9 விழுக்காடும் பக்கவாத வாய்ப்பு 8 விழுக்காடும் குறைவாக இருந்தன. 2022இல் ஏறக்குறைய 12 லட்சம் பெண்களின் தரவுகளைத் தொகுத்த ஆய்விலும் இதய, ரத்தக் குழாய் நோய் 11 விழுக்காடு குறைவு. தாய்ப்பால் கொடுக்க முடிகிற தாய்மார் பொதுவாகவே உடல்நலமும் வீட்டார் ஆதரவும் உள்ளவர்களாக இருப்பதும் இதில் ஒரு பங்கு வகிக்கக்கூடும்.

கர்ப்பம், அதுவரை மறைந்திருந்த இதயக் கோளாறை வெளிக்கொணர்வதும் உண்டு. சிறுவயதில் தொண்டைத் தொற்றைத் தொடர்ந்து வந்த ருமாட்டிக் காய்ச்சல் மைட்ரல் வால்வைச் சுருக்கி வைத்திருக்கும். பல ஆண்டுகள் ஒன்றும் தெரியாது. ரத்தத்தின் அளவு பெருகியதும் மூச்சுத் திணறல் தொடங்கும். 2016 முதல் 2019 வரை சென்னை மருத்துவக் கல்லூரி நடத்திய பதிவேட்டில், இதய நோயோடு வந்த ஆயிரத்துச் சொச்சம் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பத்தில் ஆறு பேருக்குத் தங்களுக்கு இதய நோய் இருப்பதே அந்தக் கர்ப்பத்தில்தான் தெரியவந்தது. மிகுதியாகக் காணப்பட்டது ருமாட்டிக் இதய நோயே. படியேறினால் மூச்சு வாங்குவது, தட்டையாகப் படுக்க முடியாமல் போவது ஆகியவற்றை ‘மாசமாக இருந்தால் அப்படித்தான்’ என்று விட்டுவிடுவது சில பெண்களின் உயிரைப் பறித்திருக்கிறது. கர்ப்பத்தின் கடைசி மாதத்திலோ பிரசவத்துக்குப் பிந்தைய ஐந்து மாதங்களுக்குள்ளோ இதயத் தசை திடீரெனத் தளர்ந்துபோகும் நோயும் இதே தோற்றத்தில்தான் வரும். உரிய நேரத்தில் கண்டறிந்தால் இந்நோய் வந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இதயம் பழைய பலத்தை மீண்டும் பெறுகிறது.

அமெரிக்க இதயச் சங்கம் 2011இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், பிரீ-எக்லாம்ப்சியாவையும் கர்ப்பகால சர்க்கரையையும் பெண்களுக்கான இதய நோய்க் காரணிகளாகச் சேர்த்தது. நடைமுறை இன்னும் பின்தங்கியே இருக்கிறது. பேறுகால விவரங்கள் மகப்பேறு மருத்துவரின் கோப்பிலும் தாய் சேய் நல அட்டையிலும் தங்கிவிடுகின்றன. இருபது ஆண்டுகள் கழித்து நெஞ்சு வலியோடு போகும் பெண்ணிடம் புகைப்பழக்கம் உண்டா என்று கேட்கும் மருத்துவர், முதல் பிரசவத்தில் ரத்த அழுத்தம் ஏறியதா என்று கேட்பது அரிது. இன்று எழுபது வயதைக் கடந்த தமிழ்ப் பெண்களில் நான்கைந்து பிள்ளை பெற்றவர்கள் ஏராளம். அவர்களில் பலருக்கு அந்தக் கர்ப்பங்களில் ரத்த அழுத்தமோ சர்க்கரையோ பார்க்கப்பட்டதே இல்லை. அவர்களுடைய மகள்களும் பேத்திகளும் வேறு நிலையில் இருக்கிறார்கள். தேசியக் குடும்பநல ஆய்வின்படி 2019–21இல் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 பிள்ளைகள்தான். எண்ணிக்கை தரும் ஆபத்து இங்கே பெருமளவு நீங்கிவிட்டது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் தரும் ஆபத்து நீங்கவில்லை.

செய்யக்கூடியவை பல உள்ளன. பிரீ-எக்லாம்ப்சியா வரும் வாய்ப்பு மிகுந்த பெண்களுக்கு முதல் மூன்று மாத முடிவிலிருந்து மருத்துவர் மேற்பார்வையில் குறைந்த அளவு ஆஸ்பிரின் கொடுத்தபோது, குறைமாதத்தில் வரும் பிரீ-எக்லாம்ப்சியா 62 விழுக்காடு குறைந்ததை 2017இல் ஐரோப்பிய ஆய்வு ஒன்று காட்டியது. கர்ப்பத்தில் சர்க்கரை வந்தவர்களுக்குப் பிரசவமான ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களுக்குள் மீண்டும் சோதனை செய்து, பிறகு ஒன்று முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை தொடர்ந்து பார்க்க வேண்டும் என்பது நிலைபெற்ற நடைமுறை. ஆக்ஸ்ஃபோர்டில் நடந்து 2023இல் வெளிவந்த ஆய்வு இன்னும் ஒரு படி போனது. கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஏறிய பெண்களிடம் வீட்டிலேயே அழுத்தம் பார்க்கும் கருவி கொடுக்கப்பட்டது. அவர்கள் அனுப்பும் அளவுகளைப் பார்த்து மருத்துவர்கள் மாத்திரையை நாளுக்கு நாள் சரிசெய்தனர். பிரசவமான முதல் சில வாரங்களில் மட்டும் செய்த இந்தக் கவனிப்பின் பலன், மாத்திரை நின்ற பிறகும் நீடித்தது: எட்டொன்பது மாதங்கள் கழித்து 24 மணி நேரமும் அளந்தபோது, வழக்கமான கவனிப்பு பெற்றவர்களைவிட அவர்களின் கீழ் அழுத்தம் ஏறக்குறைய 6 புள்ளிகள் குறைவாக இருந்தது.